படம் எல்லாருக்கும் பொது

தேயிலை உலர்த்தும் டிரையர் மறுபடியும் நின்றது. நிற்பதற்கு முன் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இரண்டு முறை 'டக்' என்று சத்தம். காலையிலிருந்து இதே கதை. மின்சாரம் கொஞ்சம் தாழ்ந்தாலும் போதும்.

"புதுப் பொண்ணு லா, தொட்டா கோவிச்சுக்குது," என்றார் அடுப்புக்காரர் சிங்காரம். உடனே என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். என் மனைவி பவளம் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் முன்னால் யாரும் பெண்டாட்டிப் பேச்சு எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதற்கு முன் இருந்த பழைய பெட்டியின் மூடிக்குள் மின்சுற்றுப் படம் ஒட்டியிருக்கும். ஈப்போவில் டிப்ளோமா முடித்து வந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் தொழில் கற்றேன். பெட்டி செய்யும் கம்பெனி கோலாலம்பூரில் நடத்திய கூட்டத்தில் பொறியாளர் சாம்பசிவம் மேடையேறிச் சொன்னார்: "எங்ககிட்ட ஒளிவு மறைவு கிடையாது. படம் எல்லாருக்கும் பொது. நீங்க திருத்தினா எங்களுக்கும் அனுப்புங்க." கைதட்டினேன். மின்சாரம் தாழ்ந்தால் தேயிலை கருகுமுன் டிரையரை நிறுத்தும் ஒரு சுற்றை வரைந்து அனுப்பினேன். நன்றி என்று ஒரு சுவர் நாட்காட்டி வந்தது. பவளம் அதைச் சமையலறையில் மாட்டினாள்.

இந்த வருடம், எண்பத்தைந்தில், புதுப் பெட்டி வந்தது. பழையதை எடுத்துப் போய்விட்டார்கள். புதியதில் படம் இல்லை. உள்ளே எல்லாவற்றின் மீதும் கறுப்புப் பிசின் ஊற்றி இறுக்கியிருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு 'டக்' எனக்குத் தெரியும். என் சுற்றின் குறை அது. எங்கள் பழைய ஜெனரேட்டருக்காக நான் வைத்த மின்னழுத்த அளவைக்கூட மாற்றாமல் போட்டிருக்கிறார்கள். இப்போது வருவது அரசாங்க மின்சாரம். ஒரு சின்னத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். திருகு பிசினுக்கு அடியில்.

கணக்கு எழுதும் கிராணியின் அறையிலிருந்து போன் செய்தேன்.

"உள்ள இருக்கறது கம்பெனி ரகசியம், மிஸ்டர்," என்றார் சாம்பசிவம்.

"அது நான் அனுப்புனது சார்."

"இருக்கலாம் லா. இப்ப எங்களுது. தொறந்துறாதீங்க. திங்கக்கிழமை ஆள் வரும்."

பெட்டியைத் தொட்டால் எனக்கு வேலை இல்லை என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். பவளத்தின் சேலைகள் உள்ள அலமாரியை வைக்க எனக்கு வேறு இடம் இல்லை.

வெளியே கொழுந்து பறிக்கும் வடிவம்மாள் கூடையை இறக்காமல் நின்றாள். பின்னால், மழையில், மற்ற பெண்கள். உள்ளே தொட்டியில் கிடந்த இலையே சிவந்து நாறத் தொடங்கியிருந்தது. புது இலையை நிறுக்க வேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டார்.

"ஏன் தம்பி, ஒரு பெட்டிய தொறக்கத் தெரியாமயா காலேஜுக்குப் போன?"

"தெரியும்க்கா. தொறக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"செஞ்சவன்."

"அப்ப அவன வந்து இதச் சுமக்கச் சொல்லு." கூடையை முதுகில் குலுக்கினாள். "மிசினு ஓடுற வரைக்கும் மலைக்குப் போக வேணாமாம். போகலன்னா கணக்குல பேரு இல்ல, சம்பளம் இல்ல. முன்னமே சொல்லியிருந்தா கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துல கோஸ் வெட்டவாவது போயிருப்போம்."

நான் உள்ளே போனேன். மின்சாரத்தை அணைத்தேன். சிங்காரத்தின் அடுப்பில் உளியைக் காய்ச்சினேன்.

"தம்பி, துரை..."

"தெரியும்ண்ணே."

பிசின் புகைந்தது. கண் எரிந்தது. கறுப்பு சுருள் சுருளாக என் செருப்பின் மேல் விழுந்தது. அடியிலும் கறுப்புதான். பெண்கள் கூடையோடு ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நின்றார்கள். உளி ஆறிப்போனது. சிங்காரம் இன்னொன்றைத் தேடி எடுத்து நெருப்பில் செருகினார்.