கட்டிலுக்குப் போதாத மெத்தை

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். பீப்பாவுக்குள் இருக்கிறாள். பெயர் டீ.டீ.ஐ. அந்தத் திரவத்தை இன்னொரு எண்ணெயோடு கலந்தால்தான் ஸ்பொஞ்ச் பொங்கும். ஸ்பொஞ்ச் பொங்கினால்தான் கல்முனையில் எங்கள் மெத்தைக் கடை ஓடும். என் புருஷன் றிம்சான் விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, போனில் அவளுடைய விலையை.

உலகத்தில் அதைப் பெரிய அளவில் செய்கிற ஆலைகள் கொஞ்சம்தானாம். ஐரோப்பாவில் ஒன்று பழுதாகி நின்றால் சீனாவில் விலை ஏறும். கொழும்பு இறக்குமதிக்காரர் எங்கள் போனை எடுக்கமாட்டார். இந்த வருஷமும் அதுதான் நடந்தது.

"அங்க ஒரு குழாய் வெடிச்சா இஞ்ச நம்மட அடுப்பு அணையுது, பஸ்லியா" என்பார் றிம்சான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கடையில் ஒரு பீப்பாவின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதை எவருக்கும் கொடுக்கமாட்டேன் என்று ஒதுக்கி வைத்தார். மகள் அஸ்னாவின் கல்யாணக் கட்டிலுக்கு அவர் கையாலேயே மெத்தை வார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார்; எங்களுக்கு வரப்போவது சப்ரி. மகளுக்காகக் கட்டிய வீட்டை அவளிடம் விட்டுவிட்டு, பெற்றவர்கள் நாங்கள் வளவின் பின்பக்கத் தகர அறைக்குப் போவதாக ஏற்பாடு. மெத்தை வியாபாரியின் மகள் வேறு கடை மெத்தையில் படுத்தாள் என்று வந்துவிடக்கூடாதே என்பதுதான் அவருடைய கவலையெல்லாம்.

அந்தக் கவலைதான் கெடுத்தது. டீ.டீ.ஐ.க்கு ஈரம் ஆகாது, மூடியைத் திறக்காதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுஷன், மகளுக்குப் போதுமா போதுமா என்று தினமும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறார். அதுவும் மாரி மழையில், கடற்காற்று வீசுகிற கடைக் கொட்டிலில்.

கல்யாணம் நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, முகமூடி போட்டுக்கொண்டு பீப்பாவைச் சரித்தார். சரிபாதி வெள்ளைக் கட்டியாக இறுகிக் கிடந்தது. மிச்சத்தை வடித்து எடுத்து, எண்ணெயோடு கலந்து, குத்தாக நிறுத்திய அச்சுப் பெட்டியில் ஊற்றினார். பால் பொங்குவதுபோல் எழும்பி, பாதியிலேயே நின்றுவிட்டது. ஆறியபின் வெட்டிப் பார்த்தால் நல்ல மெத்தைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய கட்டிலில் போட்டால் ஒரு பக்கம் பலகை தெரிந்தது.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "உலகத்துச் சந்தையெல்லாம் பார்த்தன். என்ட கொட்டிலப் பார்க்கல்ல" என்றார். ஏச வேண்டும் என்று வந்தவள்தான் நான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஏசாமல் அவர் தோளில் கையை வைத்தேன். இந்த மனுஷனை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அஸ்னா வந்தாள். மெத்தையில் ஏறிப் படுத்தாள். புரண்டாள். எழுந்து, "நல்லா இரிக்கி வாப்பா. பின் அறைக் கட்டிலுக்கு அளவாத்தான் வந்திரிக்கி" என்றாள்.

"பின் அறை எங்களுக்கு, மகள்."

"இல்ல. நானும் அவரும் அங்க இருப்பம். சப்ரிக்கிட்டக் கதைச்சிட்டன், அவரும் ஓம் எண்டுட்டார். நீங்க ரெண்டு பேரும் இந்த ஊட்டுலயே இருங்க."

"ஊர் என்ன கதைக்கும்? புது மாப்பிள்ளைய ஆராவது தகர அறையில வைப்பாங்களா?"

"கதைக்கிறவங்க கதைக்கட்டும்."

றிம்சான் என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவருக்குச் சொல்ல ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"அந்த அறை மழைக்கு ஒழுகும், மகள்."

"தெரியும் வாப்பா" என்றாள் அஸ்னா. "அதாலதான் உங்களையும் உம்மாவையும் அங்க போக விடல்ல."