அண்ணன் சொல்லும் எரிமலைக் கதை

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் அவளை வீட்டில் எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிட்டார்கள். தொழிலால் வந்த பெயரில்லை அது. சின்ன வயதில் எந்நேரமும் டைனோசர் பொம்மையும் கையுமாகத் திரிந்ததால் அண்ணன் வைத்தது. பிற்பாடு அவள் பல் டாக்டர்களுக்குப் பல்செட் கட்டித் தரும் வேலைக்குப் போனதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பல்லு பண்ற பல்லி!" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அவன் நுழைந்தால் வீடு கலகலக்கும். கட்டில் மெத்தை விற்கும் கடையில் மேலாளர். தூக்கம் வராதவனையும் வாங்கிப் படுக்க வைத்துவிடுவான், அப்படியொரு வாய். எந்த விசேஷமானாலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர், "அந்த எரிமலைக் கதையைச் சொல்லுப்பா" என்று எடுத்துக் கொடுப்பார்கள். அவனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பான்.

கதை நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதின்மூன்று. ஒரு விடுமுறை நாள், அம்மா வேலைக்குப் போயிருந்த மத்தியானம். மொட்டை மாடியில் கட்டட வேலைக்குக் கொட்டி மிஞ்சிய மணலைக் குவித்து, நடுவில் குழி பறித்து, காகிதத்தைத் திணித்து மண்ணெண்ணெய் ஊற்றினான். கூட்டாளிகள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். தங்கையின் டைனோசர்களை ஒன்று விடாமல் எடுத்துவந்து மணல்மேட்டைச் சுற்றி நிறுத்திவிட்டு, "எரிமலை வெடிக்கப் போகுது, வந்து பாரு" என்று அவளைக் கூப்பிட்டான். அவள் பாய்ந்து எடுக்கப் போனாள். ஒரு கூட்டாளி அவள் கைகளைப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அண்ணன் தீக்குச்சியைக் கிழித்தான்.

"ஒவ்வொண்ணா தலையைச் சாய்ச்சு வணக்கம் வெச்சுட்டுப் படுத்துதுங்க பாரு!" என்று அவன் கழுத்தைத் தொங்கப்போட்டு நடித்துக் காட்டும்போது கூட்டம் குலுங்கும். அடுத்து மூக்கால் அழும் குரலில், "என் டைனோ, என் டைனோ" என்பான். அதற்குத்தான் சிரிப்பு உச்சத்துக்குப் போகும். கடைசியில், "அம்மாகிட்ட, இவதான் நெருப்போட விளையாடினான்னு சொல்லிட்டேன். அடி யாருக்கு? பல்லிக்கு!" என்று முடிப்பான்.

அந்த நேரத்தில் அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். ஒரு முறை, முதல் சம்பளம் வாங்கியதும் கூட வேலை பார்ப்பவர்களை வீட்டுக்கு அழைத்திருந்த நாளில், "போதும்ணா" என்று சொல்லிப் பார்த்தாள். "ஒரு தமாஷைத் தாங்க மாட்டியா?" என்றான். அம்மாவும், "பொம்மைக்குப் போய் இன்னுமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?" என்றாள். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை அவன் மூக்கால் அழுதபோதும் சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

அவள் தனியாக, மாடியில் இரண்டு அறை உள்ள வீட்டில் இருந்தாள். அதில் ஓர் அறை முழுக்க டைனோசர்கள். பழைய சாமான் கடைகளில் தேடிப் பொறுக்கியவை ஒரு பக்கம்: கனத்த ரப்பர், வெளுத்த பச்சை, வாலைத் தரையில் ஊன்றி ஆளைப்போல் நிமிர்ந்து நிற்பவை. புதியவை எதிர்ப்பக்கம்: வாலைத் தூக்கி உடம்பைப் படுக்கையாக வைத்தவை, சிலவற்றுக்கு இறகுகூட உண்டு. உடைந்து கிடைத்தவற்றை வேலையிடத்தில் பல்செட் கட்டும் மாவாலேயே ஒட்டுப்போடுவாள். அதனால் பல கிழட்டு டைனோசர்களுக்குப் பல்செட் ஈறுபோல ரோஸ் நிறத்தில் காலும் வாலும் இருந்தன. மேல் தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால், நீளக்கழுத்து ஒன்று. பாதி உடம்பு உருகி, கழுத்து முதுகோடு ஒட்டிப்போனது. அந்த மொட்டை மாடியில் சாம்பலைக் கிளறி அவள் எடுத்தது அது ஒன்றைத்தான். அதற்கு மட்டும் ஒட்டுப்போடவில்லை.

கீழ்வீட்டில் குடியிருந்த பெண், குழந்தைகளுக்கான நூலகம் ஒன்றில் நூலகர். ஒரு நாள், கொடுத்து வைத்திருந்த வீட்டுச் சாவியை வாங்க மேலே வந்தவள் அறையைப் பார்த்து அசந்துபோனாள்.

"அடேயப்பா! இதையெல்லாம் பூட்டி வெச்சு என்ன பண்றீங்க? ஒரு சனிக்கிழமை எங்க பசங்களுக்குக் கொண்டு வந்து காட்டுங்களேன்."

"பசங்க கையில குடுத்தா திரும்பி வராது" என்று அவள் மறுத்துவிட்டாள்.

மனதை மாற்றியது அண்ணன்தான். அவனுக்கு ஒரே மகள். குண்டுகுண்டென்று உருண்டு திரிந்ததால் பட்டாணி. அத்தையைப்போலவே அவளுக்கும் அந்த வருஷம் டைனோசர் கிறுக்குப் பிடித்திருந்தது. பட்டாணியின் பிறந்தநாளன்று கேக் வெட்டி முடிந்து குழந்தைகள் கீழே விளையாட ஓடியதும், வழக்கம்போல் யாரோ எரிமலைக் கதையைக் கேட்டார்கள். அண்ணன் எழுந்தான். வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "பட்டாணி மேல வர்றதுக்குள்ள சொல்லிடறேன்" என்றான்.

தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். இத்தனை வருஷமாக, அவனுக்கு விவரம் தெரியாது, தான் செய்தது என்னவென்றே புரியாத மனுஷன் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு வந்திருந்தாள். அவனுக்குப் புரியாமல் இல்லை. யார் காதில் விழக்கூடாது என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. அன்று முதல் முறையாக அவள் சமையலறைக்குப் போகாமல் உட்கார்ந்து கதையை முழுக்கக் கேட்டாள். "பாரு, பல்லியே ரசிக்கிறா!" என்றான் அவன்.

மறுநாள் காலை கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "சனிக்கிழமை வர்றேன்" என்றாள்.

அண்ணனுக்கும் போன் செய்தாள். "நூலகத்துல என்னோட டைனோசரெல்லாம் காட்டறேன். பட்டாணியைக் கூட்டிட்டு வா. நீயும் இரு, போயிடாத."

"என் தங்கச்சி மேடை ஏறுறா, வராம இருப்பனா?" என்றான் அவன்.

நூலகத்தில் குழந்தைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர்கள் பின்னால் சுவரோரம். அவள் நீண்ட மேசையில் பழசும் புதுசுமாக எதிரெதிரே நிறுத்தினாள். குழந்தைகள் கையில் கொடுக்க இருந்த பயம் கொஞ்ச நேரத்திலேயே போய்விட்டது. பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்கள்.

"இது ஏன் அத்தை நிமிர்ந்து நிக்குது? புதுசு குனிஞ்சிருக்கே?" என்று பட்டாணி கேட்டாள்.

"அந்தக் காலத்துல டைனோசர் அப்படித்தான் நிக்கும்னு நெனச்சாங்க. அப்புறம் எலும்பையெல்லாம் நல்லாப் பாத்துட்டு, இல்ல, வாலைத் தூக்கிக்கிட்டுத்தான் நடந்திருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. பொம்மை செய்யறவங்களும் மாத்திட்டாங்க."

"பாவம், இத்தனை வருஷமா தப்பா நின்னிருக்கு" என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதில் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. அதற்காகத் தன் காரியத்தை அவள் மறக்கவில்லை.

பையிலிருந்து கடைசியாக உருகிய நீளக்கழுத்தை எடுத்து வட்டத்துக்குள் கொடுத்தாள். அது கை மாறி மாறிப் போனது. சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது.

"இதுக்கு என்ன ஆச்சு?" என்று கண்ணாடி போட்ட ஒரு சிறுமி கேட்டாள்.

"அது பெரிய கதை. அதோ நிக்கிறார் பாருங்க, எங்க அண்ணன். அவரு சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணனின் முகம் ஒரு கணம் கறுத்தது. "அட, அதெல்லாம் எதுக்கு இப்போ? நீயே சொல்லு" என்றான்.

"சொல்லுங்க அங்கிள்!" என்று கூட்டம் கத்தியது. பட்டாணிக்கோ ஒரே பெருமை. "எங்கப்பா சூப்பரா கதை சொல்வாரு. சொல்லுங்கப்பா!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து நடுவில் கொண்டுவந்து விட்டாள்.

அவன் பூசி மெழுகித்தான் ஆரம்பித்தான். "சின்ன வயசுல நாங்க விளையாடிக்கிட்டு இருந்தப்போ தெரியாம நெருப்புப் பட்டு..."

"தெரியாமலா?" என்றாள் தங்கை, சிரித்த முகமாக. "எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுண்ணா. மணல் குவிச்சதுல இருந்து."

அவன் அவளைப் பார்த்தான். பின்னால் நின்ற அப்பாக்களில் ஒருவர், "நல்லா இருக்கும் போலிருக்கே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. சட்டைக் கை தானாக மடிந்தது. மணல்மேடு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, தங்கையின் கையைப் பிடித்த கூட்டாளி வந்தான். குழந்தைகள் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்பதை அவன் ரசிப்பதாக எடுத்துக்கொண்டான். பழகிய வாய் ஓடிக்கொண்டே இருந்தது. கழுத்தைத் தொங்கப்போட்டு, "ஒவ்வொண்ணா வணக்கம் வெச்சுட்டு..." என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் இன்னும் சத்தமாக, மூக்கால், "என் டைனோ, என் டைனோ" என்று அழுது காட்டினான்.



கண்ணாடிச் சிறுமிதான் முதலில் பேசினாள். "ஆன்ட்டி கையைப் பிடிச்சிருந்தாங்களே, விடுடான்னு நீங்க சொல்லலையா?"

"அது... சும்மா விளையாட்டுக்கும்மா."

"அப்புறம் புதுசு வாங்கிக் குடுத்தீங்களா?" என்றான் ஒரு பையன்.

"அப்போ நானே சின்னப் பையன். எனக்கு ஏது காசு?"

"பெரியவரானப்புறம்?"

சுவரோரம் சிரித்த அப்பா கைபேசியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். யாரிடம் எதை வேண்டுமானாலும் விற்கிறவன், முகத்தில் ஈயாடாமல் நின்றான். அவள் அதை அவசரப்படாமல் பார்த்தாள். தாகத்துக்குத் தண்ணீர் இறங்குவதுபோல் இருந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

"ஒண்ணை மட்டும் நீ எப்பவும் விட்டுடறண்ணா" என்றாள். "அதெல்லாம் அப்பா லாரி ஓட்டிக்கிட்டுப் போற ஊர்ல எல்லாம் எனக்குன்னு தேடித் தேடி வாங்கிட்டு வந்தது. நீ கொளுத்தினது, அப்பா ரோட்டுல அடிபட்டுச் செத்துப்போன வருஷம்."

"தாத்தா வாங்கினதா?" என்று பட்டாணி கேட்டாள். அவள் எழுந்துபோய், ஒரு பையன் மடியில் இருந்த உருகின பொம்மையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்பாவைத் தாண்டி நடந்து, அத்தையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

குழந்தைகள் கலைந்ததும் அண்ணன் செருப்பு விடும் இடத்தில் அவளை மறித்தான்.

"வேணும்னேதான கூப்பிட்ட?"

"ஆமா."

"என் பொண்ணு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணும்னு."

"ஆமாண்ணா. அதுக்குத்தான்."

அவள் மழுப்புவாள், தானும் கத்தலாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பிறகு, விசேஷ வீடுகளில் அவள் ஒருபோதும் கேட்டிராத குரலில் சொன்னான்: "எனக்கும் அவரு அப்பாதானே. ஒவ்வொரு தடவையும் உனக்குத்தான் வாங்கிட்டு வருவாரு. எனக்குன்னு ஒண்ணு வந்ததில்ல. ஒரு தடவைகூட."

அவளுக்குச் சுருக்கென்றது. அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். லாரிச் சத்தம் கேட்டதும் அவள் வாசலுக்கு ஓட, அவன் கதவோரமே நின்றது கண்முன் வந்தது. இரங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த மூக்கால் அழுகிற குரலும் கூடவே ஞாபகம் வந்தது.

"அதையும் கதையில சேத்துச் சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "பட்டாணி அப்பன்கூடப் பேச மாட்டேங்குறா. சோறு ஊட்டப்போனா தட்டைத் தள்ளி விடறா. இப்போ உனக்குத் திருப்தியா?"

"திருப்திம்மா" என்றாள் அவள். பொய் சொல்ல அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்த ஒரு விசேஷத்தில், சாப்பாடு முடிந்ததும் யாரோ எரிமலைக் கதையைக் கேட்டார்கள். "தொண்டை சரியில்ல" என்றான் அண்ணன். அவள் அன்றைக்கு எந்தத் தட்டையும் எடுக்கவில்லை. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தாள்.

அவள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாணி, துணிப்பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். பை நிறைய அவளுடைய டைனோசர்கள்; பளபளவென்று எல்லாம் புதுசு.

"இதெல்லாம் இங்கயே இருக்கட்டும் அத்தை. எங்க வீட்ல வெச்சா அப்பா எரிச்சுடுவாரு."

அண்ணன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொம்மைகளில் முக்கால்வாசி அவனே தோளில் மகளை ஏற்றிக்கொண்டு கடைகடையாக அலைந்து வாங்கியவை. சொன்னால் குழந்தை நம்பும். அத்தை சொன்னால் கட்டாயம் நம்பும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சரி, வை" என்று வந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து தட்டில் இடம் ஒதுக்கினார்கள். இறகு வைத்ததைக் கிழட்டு ரப்பருக்குப் பக்கத்தில் நிறுத்துவதா வேண்டாமா என்று பட்டாணி வெகுநேரம் யோசித்தாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறாள். தரையெங்கும் பழசையும் புதுசையும் கலந்து பரப்பி இருவரும் விளையாடுகிறார்கள். ஒட்டுப்போட அத்தையிடம் மாவு குழைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் அண்ணன்தான். மாடியேறுவதில்லை. தெருவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருப்பான். சில நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே ஜன்னலைப் பார்ப்பான். அவளும் பார்ப்பாள். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் ஏறி வந்துவிடுவான். தட்டில் எதிலும் கை வைக்காமல் ஓரமாக உட்கார்ந்துகொள்வான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். இன்னும் மனசு வரவில்லை. டீ போட்டு, தனக்கு ஒரு டம்ளரும் பட்டாணிக்குப் பாதி டம்ளரும் ஊற்றி எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்கிறாள்.