நாலு இழை மஃப்ளர்

மஃப்ளரின் கடைசிக் குஞ்சத்துக்கு மிச்சமிருந்த நாலு இழையையும் சேர்த்து மடித்து, கொக்கி ஊசியால் ஓட்டைக்குள் இழுத்து முடிந்துகொண்டிருந்தாள். கூடத்தில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற நில அளவையாளர் சங்கத்தின் தலைவர் தொண்டையைச் செருமி இரங்கலுரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் இருந்தவர் அவள் புருஷன். தெருவில் பெயர் 'டேப் சார்'. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அங்குலம், செருப்பு வாசலிலிருந்து எத்தனை அங்குலம் என்று நாற்பத்தொரு வருஷம் அளந்து தள்ளினவர். அவர் அளந்து அடித்த அலமாரிக்குள் ஃபிரிட்ஜ் நுழையவில்லை. "நீ தப்பா சொன்ன" என்றார். அவளும் தலையாட்டினாள். அதோடு அந்த விவகாரம் முடிந்தது. ஃபிரிட்ஜ் இன்றுவரை நடைவழியில் நிற்கிறது.

சங்கம் அவருக்கு 'அளவைச் செம்மல்' பட்டம் கொடுக்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து மனுஷன் தரையில் நடக்கவில்லை. மேடைக்கு ஒரு மஃப்ளர் வேண்டுமாம். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரிகிற மாதிரி தடிமனாக, நாலு இழை சேர்த்து, இரண்டு பக்கமும் குஞ்சம் வைத்து. நூலுக்குக் கணக்கும் அவரே போட்டார்.

"நாலு இழைன்னா நாலு மடங்கு நூல் வேணுமேங்க."

"கணக்கை என்கிட்ட விடு. நீ பின்னு."

பாதியில் நூல் தீர்ந்தது. கடையில் அந்தச் சாயம் மறுபடி வரவில்லை. "இறுக்கிப் பின்னித் தொலைச்சிட்டா" என்று பால்காரனிலிருந்து டாக்டர் வரைக்கும் சொல்லி முடித்தார். நேற்றுக் காலை, கண்ணாடி முன் சவரம் செய்தபடியே ஏற்புரையைப் பேசிப் பார்த்தவர், 'என் போன்ற எளியவனுக்கு' என்ற இடத்தில் சரிந்தார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே தன்னடக்கம். அதையும் உடம்பு தாங்கவில்லை.

"அம்மா, முடிஞ்சுதா? தலைவர் பறக்கிறாரு. பட்டத்தை இங்கயே குடுத்து ஃபோட்டோ எடுக்கணுமாம்." மூத்தவன் எட்டிப்பார்த்தான்.

"நூல் இருந்த வரைக்கும் முடிஞ்சுது."

மூடியைத் தூக்கி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கே மூச்சு முட்டியது. இரண்டு முனையும் தாடைக்குக் கீழே சந்தித்து, குஞ்சங்கள் தாடி மாதிரி விறைத்து நின்றன. தொண்டை கட்டியவருக்கு வைத்தியம் பார்த்தது போலிருந்தது. படம் எடுக்க வந்தவன் கேமராவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

ஒருவழியாகப் படம் எடுத்து மூடியை இறக்கினார்கள். "என்னம்மா, இவ்வளவு குட்டையாப் போச்சு?" என்றார் தலைவர், தன் உரைக்கே பங்கம் வந்ததுபோல.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "அண்ணி இறுக்கிப் பின்னிட்டாங்க. அண்ணன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாரு, பாவம்."

"அம்மாவுக்குக் கணக்கு வராது சார். விடுங்க" என்றான் மகன், பெரிய மனசோடு.

எல்லாரும் அவளை இரக்கமாகப் பார்த்தார்கள். வழக்கம்போல் தலையாட்டவேண்டிய நேரம். கழுத்து பாதி குனிந்தும்விட்டது. இப்போது ஆட்டினால் அதோடு சரி. அவர் தப்பே செய்யாதவராகவும் அவள் கணக்கு வராதவளாகவும் இந்த வீட்டில் காலத்துக்கும் நிலைத்துவிடுவார்கள்.

"நான் இறுக்கிப் பின்னல."

"சரி அண்ணி, இப்ப எதுக்கு..."

"நாலு இழை பின்னச் சொல்லிட்டு ஒரு இழைக்குக் கணக்குப் போட்டாரு. நான் அப்பவே சொன்னேன். தப்பு அவரோடது."

தலைவர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

அவள் பெட்டியைப் பார்த்து நின்றாள். அவள் ஒரு சொல் சொன்னால் பதிலுக்கு அவர் ஒன்பது சொல்வார். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. கூட்டத்தின் வெக்கையில் கண்ணாடி மூடி வியர்த்து, அவர் முகம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. உள்ளங்கையால் ஒரு முகத்தளவு துடைத்துவிட்டு, குனிந்து பார்த்தபடி நின்றாள்.