இரண்டு பல்கலைக்கழகங்களும் ஓர் அம்மாவும்

பாப்பாவுக்குப் பதினெட்டு வயது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்பாவைவிட ஒரு விரற்கடை உயரமாகக்கூட வளர்ந்துவிட்டாள். ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். அந்தப் பாப்பாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் கட்டடக்கலை படிக்க இடம் கொடுத்திருந்தன. ஒன்று ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவு. பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் "அடேயப்பா" என்பார். இன்னொன்று வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும். அதன் பெயரைச் சொன்னால், "அப்படியா? எங்க இருக்கு அது?" என்று அதே ஊர்க்காரர்களே கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். அம்மாவோ எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

"பெரிய இடத்துக்கே போ, கண்ணு. யோசிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

அம்மா ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். பத்தொன்பது வருட வேலை. முதலாளி ஒரு துண்டுக் காகிதத்தில் கோழி கிளறியதுபோல் எதையாவது கிறுக்கிக் கொடுப்பார். அம்மா அதைச் சுவரும் கதவும் படிக்கட்டுமாக, ஒரு மயிரிழை பிசகாமல் வரைந்து கொடுப்பாள். இந்த விஷயத்தில் அவள் சொல்லுக்கு வீட்டில் மறுபேச்சு இருக்க முடியாதுதான். இருந்தும் பாப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை.

போன வாரம் இருவரும் அந்தப் பெரிய இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் செருப்புச் சத்தம்கூட அடங்கிப் போனது. மாணவர்கள் வரிசையாகக் கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர்கூடப் பேசவில்லை. அம்மா மட்டும் திருவிழாக் கூட்டத்தில் நுழைந்த பிள்ளைபோல் ஆகிவிட்டாள். மேசை ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். குனிந்து அதன் கால்களைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து ஜன்னல்களைப் பார்த்தாள்.

"வடக்கு வெளிச்சம், பாத்தியா? நாள் பூரா ஒரே மாதிரி இருக்கும். தாள்ல நிழலே விழாது."

சுற்றிக்காட்ட வந்த மூன்றாம் ஆண்டு மாணவி, "ஆன்ட்டி, நீங்களும் ஆர்க்கிடெக்டா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான் வெறும் கோடு போடுறவ. யோசிக்கறது வேற ஒருத்தர்" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டதுபோல் பாப்பாவுக்குப் பட்டது. ஆனால் அதற்குள் அந்த மாணவி நூலகத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும் ரயிலில் அம்மா விடவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னா?"

"நல்லாதாம்மா இருந்துச்சு."

பொய்யில்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பாப்பா நினைத்துக்கொண்டிருந்தது ஒரு கோணல் சுவரைப் பற்றி.

பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு நேர்காணலுக்குப் போன அன்று பார்த்த சுவர் அது. பின்கட்டு முற்றத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நெஞ்சு உயரத்துக்குச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். நடுவில் அது தொப்பை போட்டிருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பேராசிரியை வந்து சுவரைச் சுற்றி நடந்தார். ஒற்றை விரலால் தள்ளினார். மேல்வரிசை ஆடியது. "அழகா இருக்கு. இடிச்சிட்டு மறுபடி கட்டுங்க" என்றார். பிள்ளைகள் அழவில்லை, முணுமுணுக்கவில்லை. ஹோவென்று சிரித்துக்கொண்டு இடிக்க ஆரம்பித்தார்கள். மூக்கு நுனியில் சிமெண்ட்டோடு நின்ற ஒருத்தி மட்டும், "ஐயோ, என் மூணாவது செவுரு!" என்று கத்தினாள். பாப்பா இருபது நிமிடம் அங்கேயே நின்றுவிட்டாள். நேர்காணலுக்கு ஓடித்தான் போக வேண்டியிருந்தது.

அதை அம்மாவிடம் சொல்லாமல் இல்லை. "செவுரு கட்டவா அஞ்சு வருஷம் படிக்கப் போற? கொத்தனார்கிட்ட போனா ஆறே மாசத்துல கத்துக் குடுத்துடுவாரு" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு மறுபடி அங்கேயே வந்து நின்றது. பாப்பா அப்பாவைத் துணைக்கு இழுத்தாள். அப்பா ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் கிளம்பி மதியத்துக்குள் வீடு வந்துவிடுவார்.

"என்னை ஏம்மா கேக்கறே? எந்தத் தெருவுல நாய் தொரத்தும்னு கேளு, கண்ண மூடிக்கிட்டுச் சொல்றேன். இதெல்லாம் உங்கம்மா டிபார்ட்மெண்ட்."

"அம்மா என்னை வீட்டை விட்டுத் தொரத்தறதுலயே குறியா இருக்கா. அதான் தூரமா போ போன்னு சொல்றா."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அம்மாவின் முகம் சட்டென்று வாடியது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள். அப்பா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மதியம் விஷயம் வெளியே வந்தது.

அந்த வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் முகவரி. உறுதி செய்யும் படிவத்தைத் தேடி பாப்பா அதைத் திறந்தாள். பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்கு வந்த கடிதத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. 'கட்டடக்கலை முதலாம் ஆண்டு, பணி அனுபவம் உள்ளோர் பிரிவு. தங்களுக்கு இடம் வழங்குவதில் மகிழ்ச்சியடைகிறோம்.' யாருக்கோ அனுப்ப வேண்டியதை இங்கே அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு மேலே இருந்த பெயரைப் படித்தாள். அம்மாவின் பெயர்.

அப்பா கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாப்பா மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள். அப்பா படித்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மாட்டிக்கிட்டாளா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஃபாரத்தைக் கொண்டுபோய்க் குடுத்ததே நம்ம ரொட்டி வண்டிதான். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஆனவங்களுக்கு வருஷத்துக்கு மூணு சீட்டு வச்சிருக்காங்களாம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"எங்கிட்டகூடவா?"

"உங்கிட்டதான் முக்கியமா. நீ தூரமா போனா இவ இங்க சேர்ந்துக்குவா. நீயும் இங்கதான்னு சொல்லிட்டா, பேசாம விட்டுடுவேன்னா. அம்மாவும் பொண்ணும் ஒரே கிளாஸ்ல உக்காந்தா புள்ளைக்கு வெக்கமா இருக்காதாங்கறா."

"எனக்கு என்ன வெக்கம்?" என்று பாப்பா படக்கென்று கேட்டாள்.

கேட்ட வாய் மூடவில்லை, கண்முன் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பு. இரண்டு மேசை தள்ளி அம்மா, மூக்குக் கண்ணாடியும் டிபன் பெட்டியுமாக. "பாப்பா, தண்ணி குடிச்சியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுக்கிறாள். நாற்பது தலையும் திரும்புகிறது. பாப்பாவுக்குக் காது மடல் சுட்டது. பேசாமல் ஐந்து மணி நேரம் ரயில் ஏறிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்ததும் அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை. அப்பா மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்க்காமல் காலரை மட்டும் மூன்று தடவை தேய்த்தார்.

சாயங்காலம் பாப்பா பஸ் நிறுத்தத்துக்கே போய்க் காத்திருந்தாள். அம்மா இறங்கியதும் அவளைப் பார்த்துப் பதறினாள்.

"என்னாச்சு? அப்பாவுக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்ல. உன் மெயிலைப் பாத்துட்டேன்."

அம்மா நடப்பதை நிறுத்தினாள். தோள்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா ஒரு ஓட்டவாய்."

"அப்பா பாவம், நானேதான் பாத்தேன். வீட்டுக்கே ஒரு அட்ரஸ் வச்சுக்கிட்டு ரகசியம் பண்ணினா எப்படிம்மா?"

வீட்டுப் பக்கம் நடந்தார்கள். பிறகு அம்மா தானாகவே ஆரம்பித்தாள்.

"உன் ஃபாரத்தைச் சரிபார்த்துக்கிட்டு இருந்தேனா, அதுல ஒரு கேள்வி. கட்டடக்கலையை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்னு. நீ எழுதினது சரியா இருக்கான்னு பாக்கத்தான் உக்காந்தேன். எனக்குப் பதில் வந்துடுச்சு. ரெண்டு பக்கம் எழுதிட்டேன், நிறுத்தவே முடியல."

"என்ன எழுதினே?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்." அம்மா சிரித்தாள். "சொந்தமா யோசிச்சு வரைஞ்ச மூணு படம் அனுப்பணும்னாங்க. அனுப்பினேன். கீழ மூலையில ஒரு கட்டம் இருக்கும்ல, கட்டடக்கலைஞர் பேரு போடறதுக்கு? பத்தொம்பது வருஷமா அந்தக் கட்டத்தைக் காலியா விட்டே பழகின கை. என் பேரை அதுல எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. எழுத்துப்பிழை வந்துடுமோன்னு பயம். என் பேருல!"

பாப்பா அம்மாவின் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் விட்டுடுவேன்னு சொன்னே?"

"நீ முதல்ல சேரு. இத்தனை வருஷம் இருந்தவளுக்கு இன்னும் அஞ்சு வருஷம் பெரிசா? அதோட, உனக்கு வெக்கமா இருக்கும்."

"இருந்துச்சு" என்றாள் பாப்பா. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு நிமிஷம் இருந்துச்சு."

"ரெண்டே நிமிஷமா? நான் ரெண்டு வருஷத்துக்கு இருக்கும்னு நெனச்சேன்!"

இருவரும் நடைபாதையிலேயே நின்று சிரித்தார்கள். கடைவாசலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நான் இங்கதான் சேரப் போறேன். உனக்காகன்னு நெனச்சுக்காத. அந்த இன்னொரு இடத்துல எனக்கு மூச்சு விடவே பயமா இருந்துச்சு. இங்க தப்பா கட்டினாக்கூடச் சிரிக்கறாங்க. எனக்கு அது வேணும்."

"சரி" என்றாள் அம்மா.

"நீயும்தான். ஆனா மூணு கண்டிஷன். கிளாஸ்ல பாப்பான்னு கூப்பிடக் கூடாது. எனக்குப் பக்கத்து மேசையில உக்காரக் கூடாது. என் பென்சிலைச் சீவித் தரக் கூடாது."

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அதில் ஒரு தூசியும் இல்லை.

"எனக்கும் ஒண்ணு இருக்கு. நாலு பேர் முன்னாடி என்னைப் பாத்து 'ஐயோ அம்மா'ன்னு தலையில அடிச்சுக்கக் கூடாது."

வியாழக்கிழமையே உறுதி செய்துவிட்டார்கள், ஒரு நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து. பின்னால் நின்ற அப்பா, "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பட்டன் கிடையாதா?" என்று கேட்டார். அம்மாவின் முதலாளியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்துவிட்டு, சனிக்கிழமை மட்டுமாவது வந்து போகும்படி கேட்டுக்கொண்டார். தன் கிறுக்கலைப் படிக்க ஊரில் வேறு ஆள் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் நிபந்தனைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பாப்பா ஜன்னல் பக்கம், அம்மா கதவுப் பக்கம். அம்மாதான் முதல் மாணவியாக வருவாள் என்று பாப்பா உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அது பொய்த்துப் போனது.

முடியை ஒட்ட வெட்டியிருந்த அந்தப் பேராசிரியை எல்லோரிடமிருந்தும் அளவுகோல்களை வாங்கி அலமாரியில் போட்டுப் பூட்டினார். "உங்க வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச ஒரு மூலையை வரைங்க. வெறும் கையால" என்றார். பாப்பா மூன்று தாளை நிரப்பிவிட்டாள். அம்மாவின் தாளில் அரை மணி நேரமாக நாலு கோடுதான் இருந்தது. கையால் போட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது வேலையை முடிக்கற கோடு. எனக்குத் தேடற கோடு வேணும்."

அம்மா தலையாட்டினாள். இன்னும் நாலு கோடு போட்டாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பாப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைத் தோழி என்னவோ கேட்டாள்; காதில் விழவில்லை. ஒரு தாளையும் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எனக்கு வராது பாப்பா. இந்தக் கைக்கு அடுத்தவங்க நெனச்சதைத்தான் வரையத் தெரியும்."

பாப்பா நிபந்தனையை ஞாபகப்படுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலை அம்மாவின் இடது கையில் திணித்தாள்.

"விளையாடறியா?"

"இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? வரை."

அம்மா வரைந்தாள். கோடு புழுவாக நெளிந்தது. சமையலறை ஜன்னல் என்று ஒன்று வந்தது; குழாய் என்று ஒன்று வந்தது; அடுப்பு மேடை படகுபோல் வளைந்து கிடந்தது.

"அசிங்கமா இருக்குடி."

"ஆமா, ரொம்ப அசிங்கமா இருக்கு. நிறுத்தாத."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கை ஆடியது; கை ஆட ஆடக் குழாயிலிருந்து தண்ணீர்கூடச் சொட்டத் தொடங்கியது. பாப்பா பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவர்கள் வீட்டுச் சமையலறைதான். அச்சு அசலாக அதேதான்.

இருவரும் வகுப்புக்குத் திரும்பியதும் பேராசிரியை அந்தத் தாளை வாங்கி, வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

"இந்த ஜன்னல்கிட்ட யார் நிப்பாங்க?"

"நான்தான்" என்றாள் அம்மா.

"அப்ப உங்களை ஏன் காணோம்? வரைங்க."

வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பியும் அம்மா எழுந்திருக்கவில்லை. பாப்பா தன் நாற்காலியை இழுத்து வந்து அம்மாவின் மேசைக்கு எதிரில் போட்டுக்கொண்டாள். அப்போது அப்பா போனில் கூப்பிட்டார். வண்டியோடு வாசலில் நிற்கிறாராம்.

"நீங்க போங்கப்பா. எங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப நான் வீட்டுல போய் என்ன பண்றது?"

"சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்றாள் அம்மா, போனுக்கு எட்டும்படி உரக்க. தலையை நிமிர்த்தவில்லை. தாளில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் தோள் வந்திருந்தது. இடது கை இப்போது அவளுடைய கழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.