வலது பக்கம் ரெண்டு பேர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்தில் வேறு பெயர். அங்கே அவர் 'யோசனை'. படித்த காலத்தில் அந்தக் கல்லூரியின் ஆண்கள் அணியில் மூன்று வருடம் இருந்தவர். இருந்தார் என்றால், ஓரத்து பெஞ்சில் இருந்தார். ஆட இறக்கிவிடாத குறையைத் தீர்த்துக்கொள்ளத்தானோ என்னவோ, தலை நரைத்த பிறகும் கோச்சின் முதுகுக்கு நேர் பின்னால் இடம்பிடித்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். உயரமான பெண்ணைக் கூடைக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவா. ஆளைப் பிடிக்காதே, இடத்தைப் பிடி. தூரத்திலிருந்து எறி. ஐயோ, தூரத்திலிருந்து எறியாதே. பெண்கள் அணி அந்த சீசனில் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தது. அந்தப் பழியில் இவருக்குப் பங்கு கிடையாது, ஏனென்றால் இவர் சொன்னதில் ஒன்றைக்கூட கோச் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"சரிங்க சார்" என்பார் கோச், திரும்பிப் பார்க்காமலே. அதோடு சரி.

கடைசி ஆட்டம் பாக்கி இருந்தது. அதிலும் தோற்றால் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவில்தான் ஆட வேண்டும். எதிரே வந்து வாய்த்ததோ அக்கா மகள் ஆடுகிற கல்லூரி.

அக்கா மகளை வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே அவளுக்கு வலது கண் நரம்பு பலவீனம். அந்தப் பக்கம் நிழல் ஆடுவதுபோலத்தான் ஏதாவது தெரியும். நல்ல கண்ணை தினமும் கொஞ்ச நேரம் மூடி வைத்தால் மற்றது சற்றாவது பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். பட்டையை ஒட்டினால் பிள்ளை பிய்த்து எறிந்துவிட்டு ஊரைக் கூட்டும். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமாதான் கடையைச் சாத்திவிட்டு வந்து, இடது கண்ணில் பட்டையை ஒட்டி, ஒரு பெரிய ஆரஞ்சுப் பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். பட்டை இருந்தால்தான் பந்து. அப்படிப் பழகிய பந்துதான் பிறகு கூடைக்குப் போனது. கண் தேறவில்லை, ஆட்டம் தேறிவிட்டது.

கல்லூரியில் சேரும்போது கண் பரிசோதனை வைத்தார்கள். மாமா கடையிலேயே வளர்ந்தவளுக்குச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டை தலைகீழ்ப் பாடம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்தாள்.

"தெரிஞ்சா டீம்ல சேக்க மாட்டாங்க மாமா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாமா." அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை மாமாதான்.

"எங்கிட்ட சொன்னது பரவாயில்ல. உங்கம்மாவ முதல்ல வாயக் கட்டச் சொல்லு" என்று சிரித்தார் இவர்.

ஆட்டத்தன்று வாலு முதல் பாதியில் இவருடைய அணியைப் பந்தாடிவிட்டாள். ஐந்தாம் நம்பர் சட்டை, முகத்தில் இவரே அளவெடுத்து மாட்டிவிட்ட விளையாட்டுக் கண்ணாடி. ஓடும்போது தலையை வலது பக்கம் லேசாகத் திருப்பி வைத்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு அது ஒரு ஒயில். அது எதற்கென்று கூட்டத்தில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவள் பந்து போடும்போதெல்லாம் இவருக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடியே புள்ளிப் பலகையைப் பார்த்து வயிறு எரிந்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு மனிதர் படாத பாடு பட்டார்.

இடைவேளை முடியும் நேரம். வாய் மட்டும் ஓயவில்லை. நடுவில் ஆளைக் கூட்டு, ஓட்டத்தைக் குறை என்று பின்னாலிருந்து அடுக்கிக்கொண்டே போனார். கோச் பாவம், வேலையே போய்விடுமோ என்ற கவலையில் இருந்தவர். சட்டென்று திரும்பினார். அத்தனை வருடத்தில் அவர் திரும்பியது அதுதான் முதல் தடவை.

"சார், நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே. அந்த அஞ்சாம் நம்பர எப்படி நிறுத்துறதுன்னு மட்டும் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெஞ்சில் இருந்த பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கோபத்தில் வாயிலிருந்து வந்தேவிட்டது.

"வலது பக்கத்துலேர்ந்து ரெண்டு பேர அனுப்புங்க. அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றது. கோச் இவர் முகத்தையே பார்த்தார். இவர் சொன்னதில் முதல்முறையாக ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"சும்மா சொன்னேன் சார், விடுங்க" என்றார் இவர். அதை கோச் காதில் வாங்கவில்லை.

மறுபாதி தொடங்கியதும் இரண்டு பெண்கள் வலது பக்கத்திலிருந்து பாய்ந்தார்கள். வாலு தலையைத் திருப்புவதற்குள் பந்து கையில் இல்லை. கூட்டம் எழுந்து கத்தியது. இவரும் எழுந்து கத்தினார். கத்தி முடித்து உட்கார்ந்த பிறகுதான் யாருக்காகக் கத்தினோம் என்பது உறைத்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்குக் கூசுகிறது. சொன்னதையாவது வாய் தவறிச் சொன்னோம் என்று ஒப்பேற்றலாம். கத்தியதற்கு என்ன சொல்வது?

பிறகு மறுபடி, மறுபடி. தடுமாறி ஒரு தரம் விழுந்தாள். கண்ணாடி தெறித்துப் போனது, தரையைத் தடவி எடுத்தாள். கடைசியில் அவளுடைய கோச் அவளை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சில் உட்காருவது எப்படி இருக்கும் என்று இவரைவிட யாருக்குத் தெரியும்?

இவருடைய அணி ஜெயித்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் "யோசனை! யோசனை!" என்று முதுகில் தட்டினார்கள். கோச் ஓடிவந்து கட்டிப்பிடித்து, போன் நம்பரை வாங்கிக்கொண்டார். எத்தனை நாள் ஏங்கிய மரியாதை! கை கொடுத்தவர்களிடமெல்லாம் இளித்துவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இரண்டு நாள் கழித்து வாலு கடைக்கு வந்தாள். உள்ளங்கையில் கண்ணாடி. மூக்கில் உட்காரும் ரப்பர் பிய்ந்து, காதில் மாட்டும் கால் வளைந்திருந்தது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே முக்காலி போட்டு, சின்ன திருப்புளியை எடுத்தார் மாமா. திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது.

"எங்க கோச் சொல்றாரு, எனக்குப் பயம் வந்துடுச்சாம் மாமா. ஆள் கிட்ட வந்தாலே பந்த விட்டுடறேனாம். அடுத்த சீசன் யோசிக்கணும்ங்கறாரு. கண்ணுன்னு சொன்னா அதோட வெளிய. சொல்லலன்னா பயந்தாங்கொள்ளி. நான் என்ன மாமா பண்றது?"

"சரியாயிடும்மா."

"எப்படி சரியாகும்? முதல் பாதியில ஒருத்திகூட அந்தப் பக்கம் வரல. அப்புறம் எல்லாரும் அங்கேர்ந்தே வந்தாங்க. யாரோ சொல்லிருக்காங்க மாமா." மூக்கை உறிஞ்சினாள். "யாருன்னும் தெரியும்."

இவர் கை அப்படியே நின்றது.

"அம்மாதான். வாய் நிக்காதே அவங்களுக்கு! எந்தக் கடையில, யார்கிட்ட உளறினாங்களோ. கேட்டா, சத்தியமா இல்லடீன்னு அழறாங்க. நான் ரெண்டு நாளா பேசறதே இல்ல மாமா. அவங்க வச்ச சாப்பாட்டையும் தொடல."

அக்கா முந்தின நாள் போனில் அழுதது இதற்குத்தானா? "நான் ஒண்ணும் பண்ணலடா, எம் மேல எரிஞ்சு விழறா. நீ சொன்னா கேப்பா, கொஞ்சம் புத்தி சொல்லு" என்றாள். இவரும் "அனுப்பி வை, சொல்றேன்" என்று பெரிய மனிதராகத் தலையாட்டியிருந்தார். தான் செய்ததற்கு அக்கா பழி சுமக்கிறாள். இப்போதே சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன வாய், "கண்ணாடியப் போட்டுப் பாரு" என்றது.

அவள் மாட்டிக்கொண்டாள். காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க இவர் எழுந்தார்.

"நேரா பாரு. ஆடாத."

அவள் எதிர்ச் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்தாள். அவளுக்கு வலது பக்கம், கண்ணாடி மேஜையின் மேல் கிடந்த போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. ஜெயித்த அணியின் கோச். பெயரும், கல்லூரிச் சின்னத்தோடு அவர் படமும் பளிச்சென்று மேலே வந்து நின்றன. அவள் கை எட்டும் தூரம்தான்.

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல வேளை, தெரியவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு மைதானத்தில் அந்த இரண்டு பெண்களும் இதை நம்பித்தானே பாய்ந்தார்கள். இப்போது இவரும் அதே பக்கத்தில் ஒளிந்துகொண்டு நிற்கிறார். சீ என்றிருந்தது.

போனை எடுத்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவளுடைய இடது பக்கம் வந்தார். அவள் கண்ணுக்கு நேரே பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார்! வலது பக்கம் தெரியாதுன்னு சொன்னீங்களே, சத்தியமா நீங்க தெய்வம் சார். நம்ம டீம் தப்பிச்சிடுச்சு. அடுத்த வருஷம் எங்க பக்கத்துலயே உக்காருங்க. வேற யாரப் பத்தியாவது இதுமாதிரி ஏதாவது தெரிஞ்சா…"

வாலு போனைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றார். "உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

போனில் கோச் "ஹலோ, ஹலோ" என்றுவிட்டு வைத்துவிட்டார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"அம்மாகிட்ட பேசணும்" என்றாள். "போனக் குடுங்க."

கொடுத்தார். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு 'மாமா' வரும் என்று நின்றுகொண்டே இருந்தார். வரவில்லை.