பையோடு வைத்த காடு

பெரிய மனிதர் கையால் நடப்போகும் ஒரே ஒரு கன்றுக்கு மட்டும் மேஸ்திரி குழியை முழ ஆழம் வெட்டி, கல் பொறுக்கி, மண்ணைச் சலித்து, எரு கலந்து, பிளாஸ்டிக் பையைப் பிளேடால் நாசூக்காகக் கிழித்து எடுத்து, மாப்பிள்ளைக்குச் செய்வது போல எல்லா உபசாரமும் செய்து வைத்திருந்தான். மற்ற கன்றுகளுக்கு அந்த யோகம் இல்லை. அவை ஏழை வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, கிடைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தன.

காட்டுக்கு நடுவே எரிவாயுக் குழாய் புதைத்திருந்தார்கள். மூன்று கிலோமீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். நிலம் பொதுநிலம். அதனால் வெட்டும்போது கேட்பதற்கு ஆளில்லை. வெட்டி முடித்த பிறகு கேட்பதற்கு நாலு இலாகா வந்தது. காட்டை இருந்தபடியே திருப்பித் தர வேண்டும் என்று குழாய்க் கம்பெனியிடம் எழுதி வாங்கினார்கள், இரவல் வாங்கிய குடையைக் கேட்பது போல. அதிலும் ஒரு நிபந்தனை. குழாயின் தலைக்கு மேல் பத்து மீட்டருக்கு மரம் கூடாது, புல் மட்டும்தான். ஆகவே காடு திரும்பி வந்தாலும் நடுவகிடு எடுத்துச் சீவிக்கொண்டுதான் வர வேண்டும்.

தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மூடும்போது அதை மேலேயே போட வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. மேலே கிடந்ததோ சுண்ணாம்புக் கட்டி மாதிரி அடிமண். "மேல்மண் எங்கே சார்?" என்று மேஸ்திரி குழாய்ப் பொறியாளரைக் கேட்டதற்கு, "இங்கதான் இருக்கு, எங்கயும் போகல," என்றார் அவர். பொய்யில்லை. ஓர் ஆள் ஆழத்தில் இருந்தது.

இதையெல்லாம் பார்த்து மேஸ்திரி உதட்டைப் பிதுக்குவான். கம்பெனி திருட்டுக் கூட்டம், இலாகா தூங்குமூஞ்சிக் கூட்டம் என்று டீக்கடையில் உட்கார்ந்து அவன் நியாயம் பேசினால், நிற்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்பார்கள். அப்படிப்பட்ட உத்தமன்தான், போன வாரம் செவ்வாய்க்கிழமை தன் பதினோரு ஆட்களையும் கூப்பிட்டு, "பையோடவே வைங்க," என்று சொன்னான்.

பெரிய மனிதர் வெளிநாடு போகிறாராம், விழாவை எட்டு நாள் முன்னால் தள்ளியாகிவிட்டது. ஆறாயிரம் கன்றில் இரண்டாயிரம்தான் வைத்து முடிந்திருந்தது. கன்றுக்குக் கன்று பையைக் கிழித்து, வேரோடு ஒட்டிய மண் உதிராமல் குழியில் இறக்குவதற்கு நேரம் பிடிக்கும். பையோடு குழிக்குள் சொருகி மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் ஒரே அமுக்கு, வேலை முடிந்தது. செடி நாலைந்து மாதம் பச்சையாகத்தான் நிற்கும். அப்புறம் வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். அதற்குள் எல்லாருக்கும் கையெழுத்து, பாராட்டு, அடுத்த வேலை எல்லாம் கிடைத்திருக்கும்.

'மெல்லிசுப் பைதானே, வேர் கிழிச்சுக்கிட்டு வந்துரும்,' என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இருபது வருஷமாகக் கன்று நடுகிறவன். அந்தப் பேச்சை வேறு யாராவது சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பான்.

அவனை உறுத்தியது காடு இல்லை. காடு உறுத்துகிற அளவுக்கு அவன் மகானும் இல்லை. அக்காதான் உறுத்தினாள்.

கன்றுகள் அக்காவுடையவை. பக்கத்திலேயே நர்சரி வைத்திருக்கிறாள். மரம் அறுக்கிற இயந்திரங்கள் வந்து நின்ற அன்று, எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போனபோது அவள் சாக்கோடு போனாள். இந்த முப்பது மீட்டரில் நின்ற மரங்களின் அடியில் தவழ்ந்து தவழ்ந்து விதை பொறுக்கினாள். அந்த மரங்களின் பெயரைச் சொன்னால் வனத்துறைக்காரரே புத்தகத்தைப் புரட்டுவார். வேறு எந்த நர்சரியிலும் கிடையாது. விலை குறைந்த, கத்தரித்தால் தழைக்கிற அலங்காரச் செடி விற்கிறவள் அதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்டதற்கு, "எனக்குப் பொழுது போகல," என்றாள். விதையை ஈர மணலில் போட்டு, குளிர்ச்சியான இடம் வேண்டுமென்று குளியலறையில் வைத்துவிட்டாள். மாமா நாலு மாதம் கொல்லைப்புறத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு குளித்தார். பாதி முளைத்தது. முளைத்ததை இரண்டு வருஷம் வளர்த்து, ஆறாயிரமாக எண்ணித் தம்பியின் லாரியில் ஏற்றிவிட்டாள். வெட்டிய மரங்களுக்கு மிச்சமிருந்த வாரிசு அவ்வளவுதான்.

அதில் நாலாயிரத்தை அவன் பையோடு புதைத்திருந்தான்.

விழா மதியம் இரண்டு மணிக்கு. காலையிலிருந்தே மேஸ்திரி வரிசை வரிசையாகக் குனிந்து போய், மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்த கறுப்பு ஓரங்களைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். சேலைக்குக் கீழே உள்பாவாடை தெரிகிற மாதிரி தெரிந்தன. ஒன்றைத் தள்ளினால் பக்கத்தில் இன்னொன்று சிரித்தது. பன்னிரண்டு மணிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பந்தலுக்குப் பக்கத்து வரிசைகளை மட்டும் முடித்துவிட்டு, பெரிய மனிதர்கள் பந்தலைத் தாண்டி நடக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போய் உட்கார்ந்தான். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. பெரிய மனிதர் வந்தார், தயாராக இருந்த கன்றை வைத்தார், பளபளப்பான பூவாளியால் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டார், கையைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் இருபது நிமிஷம் இயற்கையைத் தாய் என்றார். காருக்குப் போகும்போது தாயின் மேல் ஷூ படாமல் இருக்க விரிப்பு போட்டிருந்தார்கள்.

அக்காவும் வந்திருந்தாள். அழைப்பிதழில் அவளை 'உள்ளூர்ப் பங்காளர்' என்று போட்டிருந்தது. பங்காளருக்குக் கடைசி வரிசையில் கால் ஆடுகிற நாற்காலி. இயற்கை தாய் ஆவதற்குள்ளேயே அவள் எழுந்து, வரிசைகளுக்கு நடுவே நடந்து போவதை மேஸ்திரி பார்த்தான். அவன் காலையில் தள்ளி முடிக்காத வரிசைகள் வரைக்கும் போனாள். ஓரிடத்தில் குனிந்தாள். இரண்டடி நகர்ந்து மறுபடி குனிந்தாள். மூன்றாவது முறை குனியவில்லை. திரும்பி வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடையையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை?"

"என்னக்கா?"

"காது நல்லாத்தான் இருக்கு உனக்கு. எத்தனை?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஒரு நாலாயிரம்."

"நான் குடுத்ததே ஆறாயிரம்டா."

"மீதி ரெண்டாயிரத்துக்குப் பையை எடுத்துட்டுத்தான் வச்சேன்."

"ஓ. அதுக்கு உனக்குப் பாராட்டு விழா எடுக்கணுமா?"

மேடையில் யாரோ எதற்கோ கைதட்டச் சொன்னார்கள். மேஸ்திரியும் தட்டினான். அக்கா அவன் கையைப் பார்த்தாள், தட்டுவது நின்றுவிட்டது.

"எட்டு நாள் முன்னாடி தள்ளிட்டாங்கக்கா. நான் என்ன பண்ணுவேன்? ஒரு மாசம் போகட்டும். அனுமதி வாங்கி, மெதுவா எடுத்து—"

"யார் வாங்குவா? நீயா? உன் வீட்டுக் கரண்ட் பில்லையே உன் பொண்டாட்டிதான் கட்டுறா."

அது நியாயம். இன்று கையெழுத்தாகி நிலம் கம்பெனியிடமிருந்து வனத்துறைக்குக் கைமாறிவிட்டால் தோண்டுகிற அனுமதி முடிந்தது. குழாய் ஓடுகிற நிலத்தில் அப்புறம் விரலால் ஓட்டை போடுவதற்கும் மூன்று ஆபீஸ் ஏற வேண்டும். வேலியைப் பூட்டி, சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று மறந்துவிடுவார்கள்.

"நீயே போய்ச் சொல்லேன்க்கா. உன் கன்னுதானே. உன்னை மதிப்பாங்க."

"ஆமா, ஆடுற நாற்காலி குடுத்து மதிச்சிருக்காங்க. நான் சொன்னா அக்கா தம்பி சண்டைன்னுவாங்க. வச்சவன் நீ. நீ சொல்லு."

"அடுத்த நாப்பது கிலோமீட்டரும் எனக்குத்தான்னு பேச்சு ஓடுதுக்கா."

"சந்தோஷம். அதுக்கும் நல்ல பையாப் பாத்து வாங்கு," என்றாள் அக்கா. "என்கிட்ட கன்னு கேட்டு மட்டும் வராத." அவ்வளவுதான். திட்டவில்லை. அவள் திட்டினால் அவனுக்குப் பழக்கம் உண்டு. சின்ன வயதிலிருந்து வாங்கி வாங்கித் தோல் தடித்துவிட்டது. இப்படிச் சாதாரணமாகப் பேசினால் எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கையெழுத்து போடுகிற மேஜை பந்தலின் மூலையில் இருந்தது. வெள்ளை விரிப்பு, பிஸ்கட் தட்டு, நடுவே ஒப்படைப்புப் படிவம். வனத்துறை அதிகாரி தன் முத்திரையைக் குத்திவிட்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தார். கம்பெனியின் சுற்றுச்சூழல் மேடமும் குழாய்ப் பொறியாளரும் நின்றார்கள். மேஸ்திரி போய்த் தொண்டையைச் செருமினான்.

"சார், ஒரு விஷயம். நாலாயிரம் கன்னு பையோட வச்சிருக்கு. பொழைக்காது."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பிய மாதிரி ஒரு சலிப்பு.

"இதை ஏன்யா இப்ப சொல்ற? நேத்து சொல்லியிருந்தா பாத்திருக்கலாம். நாளைக்குச் சொல்லியிருந்தா இன்னும் நல்லது."

மேடம் படிவத்தின் மேல் நகத்தை ஓட்டினார். "நடப்பட்டவை ஆறாயிரம். இடைவெளி சரி. பெயர்ப்பலகை சரி. நட்டிருக்கீங்களா இல்லையா?"

"நட்டிருக்கு மேடம். ஆனா பை..."

"பைக்குன்னு இதுல கட்டம் எதுவும் இல்லையே."

இல்லைதான். அவனே எட்டிப் பார்த்தான். பெயர்ப்பலகையின் நீளத்துக்கு ஒரு கட்டம், அகலத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. செடி உயிரோடு இருக்குமா என்பதற்குக் கட்டம் இல்லை. பொறியாளர் அவன் தோளில் கை போட்டு, "உனக்கு ஏன்பா இந்த வேண்டாத வேலை? பிஸ்கட் எடுத்துக்கோ," என்றார்.

இவர்களை நினைத்து அவனுக்கு எரிச்சல் பொங்கி வந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. போன செவ்வாய்க்கிழமை பதினோரு பேருக்கு முன்னால் அவன் நின்ற தோரணையும் அச்சு அசல் இதேதான். பிஸ்கட் தட்டு ஒன்றுதான் குறைச்சல்.

மேஸ்திரி பந்தலுக்கு வெளியே போனான். முதல் வரிசையில் ஒரு கன்றைத் தண்டோடு பிடித்து இழுத்தான். பிடிமானமே இல்லாமல் டம்ளருக்குள்ளிருந்து எடுத்த மாதிரி பையோடு கையில் வந்தது. விழாவுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று காலையில் லாரித் தண்ணீர் முழுவதையும் இந்த வரிசைகளுக்குத்தான் விட்டிருந்தார்கள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "கட்டம் இல்லன்னா என்ன, நேராவே பாருங்க," என்று மேஜையில், படிவத்தின் நட்டநடுவே, வைத்தான்.

பையின் அடியில் இருந்த நாலு ஓட்டைகளிலும் சேறு இறங்கியது. முத்திரையை மூடியது. ஆறாயிரத்தை மூடியது. பெயர்ப்பலகையின் நீளத்தையும் அகலத்தையும் மூடிவிட்டு விரிப்புக்கு வந்தது.

இத்தனை நேரம் நாலாயிரம் உயிருக்கு அசையாத மூன்று பேரும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்தார்கள்.

"யோவ், அசல் பிரதிய்யா அது," என்றார் அதிகாரி, குரல் நடுங்க. "நம்பர் போட்டது. தலைமை அலுவலகத்துலேருந்து வரணும்."

"எத்தனை நாள் ஆகும்?" என்றார் மேடம்.

"எழுதிப் போட்டு, காரணம் கேட்டு, பதில் சொல்லி... எட்டு வேலை நாள். குறையாது."

மேடம் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தார். சேறு இன்னும் நன்றாகப் பரவியது. பொறியாளர் பெருமூச்சு விட்டார். "அப்போ ஒப்படைப்பு ஆகல. தோண்டுற அனுமதியும் அதுவரைக்கும் அப்படியே ஓடும்," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, கொஞ்சம் பிரியமாகவே, "நாசமாப் போச்சு. அடுத்த பகுதிக்கு உன் பேரை எடுத்துட்டாங்கன்னு வச்சுக்கோ," என்றார். அதற்கு எட்டு நாள் ஆகவில்லை. மேடம் அங்கேயே கைபேசியில் தட்டி முடித்துவிட்டார்.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த தன் ஆட்களைக் கூட்டியபோது பதினோரு பேரில் ஆறு பேர்தான் நின்றார்கள். அதில் மூத்தவர் தலையைச் சொறிந்தார்.

"மேஸ்திரி, பையை எடுக்கணுமா, எடுக்க வேணாமா? செவ்வாய்க்கிழமை ஒண்ணு சொல்றீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க."

"எடுக்கணும்."

"அதைத்தான் அன்னைக்கே நான் கேட்டேன். வாயை மூடுன்னீங்க."

"ஆமா. சொன்னேன். இப்ப எடுங்க."

அக்கா அதற்குள் கடைசி வரிசையில் மண்டி போட்டிருந்தாள். விழாவுக்கென்று கட்டி வந்த நல்ல சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். அவள் கைப்பையில் பிளேடு இருந்தது. விழாவுக்கு வருகிறவள் பிளேடு எடுத்துக்கொண்டு வருவாளா என்று அவன் யோசித்தான். தம்பியைத் தெரிந்தவள் எடுத்துக்கொண்டுதான் வருவாள்.

அவன் அடுத்த வரிசையில் உட்கார்ந்தான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் கன்றை எடுத்து, பையைப் பக்கவாட்டில் கிழித்தான். அவசரத்தில் ஒரு பக்கத்து மண் பொலபொலவென்று உதிர்ந்து வேர் வெளியே தெரிந்தது.

"இருபது வருஷம்," என்றாள் அக்கா, தன் கையிலிருந்த கன்றைப் பார்த்தபடியே. "இருபது வருஷமா இதையேதான் பண்ணிட்டிருக்கியா?"

"அவசரமாயிடுச்சுக்கா."

"எட்டு நாள் இருக்குல்ல. மெதுவாப் பண்ணு. முதல்ல அடியைக் கிழி. உள்ளங்கையில ஏந்திக்கோ. அப்புறம் பக்கத்தை."

இரண்டாவதை அவள் சொன்னபடி எடுத்தான். மண் உதிரவில்லை. குழியில் இறக்கி, சுற்றி மண் தள்ளி, இரண்டு கையாலும் அழுத்தினான். அவள் எட்டி ஒரு விரலால் அந்தக் கன்றை லேசாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவன் உதிர்த்துவிட்ட முதல் கன்றைத் தன் பக்கம் இழுத்து, வெறும் வேரைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "இது என்கிட்ட இருக்கட்டும். நீ அடுத்ததை எடு," என்றாள்.