மூன்றாவது பிளக்

முற்றத்தில் நின்ற கார் எஞ்சினின் மூன்றாவது பிளக்கைக் கழற்றி வெளியே எடுத்ததும் றினோஸாவுக்குச் சிரிப்பு வந்தது. பிளக் முழுக்க எண்ணெய் சொட்டியது. அது இருந்த குழிக்குள் டோர்ச் அடித்தாள். கிணற்றுத் தண்ணீர்போல எண்ணெய் மினுங்கியது.

"வாப்பா, கண்டுபிடிச்சிட்டன்!"

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ஜவாத் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "என்னத்தகா? புதையலா?"

"ஓம், கறுப்புப் புதையல். மூணாம் பிளக் எண்ணெயில குளிக்கி. அதான் கார் மிஸ் அடிச்சி மிஸ் அடிச்சி நிக்கி."

நேற்றுத்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி நாட்கணக்கில்லை, மணித்தியாலம்தான் என்று டொக்டர் சொன்னதை உம்மாவும் அவளும் வாசலில் நின்று கேட்டார்கள். மனிதரோ இன்று விடிந்ததும், கடலைப் பார்க்கவேண்டும் என்றார். அதுவும் முப்பது வருஷம் ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓடிய தன் வெள்ளைக் காரில். ஆட்டோ பிடிக்கிறேன் என்றதற்கு, "அதுல நான் செத்து மையித்தாயும் ஏற மாட்டன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடியுமட்டும் கல்முனையில் கராஜ் என்ன, தேத்தண்ணிக் கடைகூடத் திறக்காது. ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விட, வெறுந்தெருவில் ஒலிபெருக்கியின் குத்பாப் பிரசங்கம் மட்டும் உலாவியது. வாப்பாவின் மூச்சு கராஜ் திறக்கும்வரை காத்திருக்குமா? தையல் மெசின்களைக் கழற்றிப் பூட்டிப் பழகியவள் றினோஸா. போனில் ஒரு வீடியோவைப் பார்த்தாள்; ஸ்பானரைக் கையிலெடுத்தாள்.

எஞ்சினுக்கு மேலிருந்த டப்பட் கவரைக் கழற்றிக் கவிழ்த்தபோது, பிளக் குழிகளைச் சுற்றியிருக்கும் நாலு றப்பர் வளையங்களும் கல்லாய் இறுகி வெடித்துக் கிடந்தன.

"வாப்பா, இந்தக் கவர்ர பெக்கிங் எத்தன தரம் மாத்தின நீங்க?"

"மூணு தரம். எண்ட கையால."

"பெக்கிங் பெட்டிக்குள்ள நாலு வளையமும் வந்திரிக்குமே?"

ஜவாத் யோசித்தார். "அது சும்மா குடுக்கிற சாமான். பால்மாப் பேணியில போட்டு வச்சிரிக்கன்."

அந்தத் தகரப் பேணியைத் தேடியெடுத்துக் கவிழ்த்தாள். பன்னிரண்டு வளையங்கள், எண்ணெயே காணாதவை. கடைசியாக வாங்கிய நாலும் இன்னும் புதிதாய் மெதுமெதுவென்றிருந்தன. அவற்றை அள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"இதான் வாப்பா எண்ணெய மறிக்கிறதே! இதக் கொண்டுபோய் ஒளிச்சி வச்சிட்டு, கார வருஷக்கணக்கா ஏசின நீங்க!"

"அந்தக் கார்ர ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியுமெண்டு ஊரெல்லாம் சென்ன மனிசன்," என்றாள் உம்மா, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு.

ஜவாத்தின் வயிறு குலுங்கியது. சிரிப்பு இருமலானது. இருமல் லேசில் நிற்கவில்லை. நின்றபோது அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது.

"கெதியாப் பூட்டு புள்ள."

றினோஸாவின் கைகள் பறந்தன. பழைய வளையங்களை நெம்பி எடுத்தாள், புதியவற்றைத் தட்டி இறக்கினாள். பழஞ்சாரத் துணித் துண்டைக் குழிக்குள் விட்டு விட்டு எடுத்து, எண்ணெயைக் கடைசிப் பொட்டுவரை ஒற்றினாள். பிளக்கைப் பெற்றோலில் கழுவிக் காயவிட்டாள். கவரைத் திரும்ப வைத்து, அதன் ஆணிகளை மாறி மாறிக் கொஞ்சங்கொஞ்சமாய் இறுக்கினாள். பிளக்கையும் வயரையும் பூட்டி, பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினாள்.

கார் ஒருதரம் இருமியது. நீலப் புகை கக்கியது. பிறகு, பாருங்கள், அந்தப் பழைய நடுக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது எஞ்சின்.

"வாப்பா! நாலும் அடிக்கி!"

"கேக்கிகா," என்றார் உள்ளிருந்து. "காதுதானே இன்னும் மிச்சம்."

கதிரையில் இருத்தித் தாயும் மகளும் தூக்கிவந்தார்கள். தூக்கக் கஷ்டமாயில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. முன் சீற்றில் இருத்திப் பட்டி போட்டாள். உம்மா பின்னால் ஏறினாள். பூட்டிய கடைகளைத் தாண்டி ஐந்தே நிமிஷம். தோணிகளுக்கு இடையால் கடல் வெள்ளையாய் வந்து விழுந்துகொண்டிருந்தது.

சாவியை அணைக்கப் போனவளின் கையை அவர் கை பிடித்தது.

"நிப்பாட்டாத."

அவருடைய விரல் டாஷ்போட்டில் தாளம் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. றினோஸாவுக்கு வாய் ஓயவில்லை. "இந்தக் கார்ல அறுகம்பேக்கும் போகலாம் வாப்பா. ஒரு இடத்திலயும் நிக்காது. பிளக் வயரையும் புதிசாப் போட்டமெண்டா..."

உம்மா பின்னாலிருந்து குனிந்து அவர் காதோரம் கலிமாச் சொன்னாள். அவர் உதடும் கூடவே அசைந்தது.

விரல் எப்போது நின்றதென்று றினோஸா காணவில்லை. எஞ்சின் நிற்கவேயில்லை. பின்னாலிருந்து உம்மாவின் கை மெல்ல வந்து அவர் கண்களை மூடியது.

திரும்பி வரும்போது ஜும்ஆ முடிந்திருந்தது. தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாய்த் தெரு நிறைய ஆட்கள். கார் ஊர்ந்தது. அடுத்த வீட்டு றிபாஸ் சைக்கிளை ஒதுக்கி நின்று, முன் சீற்றில் சாய்ந்திருந்தவருக்கு ஸலாம் சொன்னான். தூக்கமாக்கும் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"என்ன றினோஸா, கார் சரி வந்திட்டா?"

"ஓம்," என்றாள். "நாலும் அடிக்கி."

வீட்டு முடுக்கில் ஒரு பள்ளம் இருந்தது. அவருடைய தலை கண்ணாடியில் இடிக்காமல், காரைப் பள்ளத்தில் மெதுவாக இறக்கி ஏற்றினாள்.